ஆள்வோரிடம் கணக்குக் கேட்கலாமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)
எடப்புளி நாடு, கொல்லிமலை

‘கணக்கு’ என்ற ஒரு சொல் தமிழில் எத்தனை பொருள்களைத் தாங்கி நிற்கிறது! வகுப்பறையில் அது பாடம். மளிகைக் கடையில் அது கடன். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் அது ஊர்ப் பஞ்சாயத்து. அரசியல் மேடையிலோ அச்சொல்லுக்குத் தனி ஆற்றல் உண்டு. 1972ஆம் ஆண்டு ‘கணக்குக் காட்டுங்கள்’ என்று எழுந்த ஒரு குரல், தமிழகத்தை ஆண்டுகொண்டிருந்த கட்சியையே இரண்டாகப் பிளந்தது. அமெரிக்க நாட்டில் குடியரசுத் தலைவரின் வருமான வரிக்கணக்கைப் பெறுவதற்காக, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மூன்றரை ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்தது.

நாட்டை ஆள்பவரின் வருமானக் கணக்கைக் கேட்கும் உரிமை சட்டமியற்றும் மன்றங்களுக்கு உண்டா? அது அவருடைய சொந்த விவகாரம் அல்லவா? இவ்வினாவை நம் கல்லூரி மலரில் எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் தம் குடும்ப வருமானத்தைக் காட்டித்தான் இக்கல்லூரியில் படித்து வருகிறோம். ஆகவே இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்கு முழுத் தகுதி உண்டு என்றே எண்ணுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டால் காட்டுவது என்ற ஏற்பாடு மட்டும் போதாது. கேட்கும் முன்பே ஆண்டுதோறும் காட்டுவது என்பதே சட்டமாக வேண்டும்.

எளியவர் காட்டும் கணக்கு

பழங்குடி மாணவர் ஒருவர் மத்திய அரசு நிதியுதவியுடன் வழங்கப்படும் கல்லூரிக் கல்வி உதவித்தொகையைப் பெற வேண்டுமானால், பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் யாரும் ஏற்பதில்லை. விண்ணப்பம் போட்டு, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் சான்றிதழ் வழங்க வேண்டும். மலையில் குச்சிக்கிழங்கு எத்தனை மூட்டை கண்டது, மிளகு என்ன விலைக்குப் போனது, காப்பி காய்த்ததா, கூலிக்கு எத்தனை நாள் போனார்கள் என்று ஏழைக் குடியானவன் தன் வாழ்வையே விரித்து வைக்கிறான். அந்த நேரத்தில் ‘இது என் அந்தரங்கம்’ என்று அவன் சொல்வதில்லை, சொன்னாலும் எடுபடாது.

இதை நான் குறையாகக் கூறவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் படிப்புக்குச் செலவாவது பொதுமக்கள் பணம். பொதுப்பணத்தைப் பெறுகிறவன் தன் நிலையைக் காட்டுவது நியாயமே. ஆனால் அந்த நியாயம் கீழிருந்து மேல்வரை ஒன்றாக இருக்க வேண்டாமா? பொதுப்பணத்தைப் பெறுகிறவனுக்கே இத்தனை விசாரணை என்றால், அப்பணத்தை எங்கே, எதற்கு, எவ்வளவு செலவிடுவது என்று முடிவு செய்கிறவருக்கு எத்தனை விசாரணை இருக்க வேண்டும்?

அரசு அதிகாரிகளுக்கு இந்த நியாயம் பொருந்தியே வருகிறது. அகில இந்தியப் பணி நடத்தை விதிகள் 1968ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டவை. அவற்றின்படி, இந்திய ஆட்சிப் பணியில் உள்ள மாவட்ட ஆட்சியர் ஒவ்வோர் ஆண்டும் தம் அசையாச் சொத்து விவரத்தை அரசுக்குத் தர வேண்டும். அந்த ஆட்சியருக்கு ஆணையிடும் அமைச்சரின் நிலை என்ன? அமைச்சர்களுக்கென்று 1964ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு நடத்தை நெறியை வகுத்தது. அமைச்சர்கள் தம் சொத்து விவரத்தைப் பிரதமரிடமோ முதலமைச்சரிடமோ தர வேண்டும் என்கிறது அந்நெறி. அது சட்டமன்று, நெறி மட்டுமே. தருபவரும் ஆளுங்கட்சி, பெறுபவரும் ஆளுங்கட்சி. வீட்டுக்குள்ளே நடக்கும் இந்தக் கணக்கு ஊருக்கு எப்படித் தெரியும்?

உத்திரமேரூர் சொல்லும் செய்தி

ஆள்வோரிடம் கணக்குக் கேட்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்த வழக்கம் என்று எண்ண வேண்டா. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவரே ஓலைக்குத் தகுதி உடையவர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவர் மீண்டும் வர முடியாது. அவர் மட்டுமல்லர்; அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது!

உறவினரையும் சேர்த்து விலக்கிய அந்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். தன் பெயரில் ஒன்றும் வைக்காமல் மைத்துனன் பெயரில் எழுதி வைக்கும் தந்திரம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு மருந்தும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் அவை அந்தணர் ஊரின் அவை. நிலமும் வேதக் கல்வியும் உடையவருக்கே அங்கே இடம். மலையில் சாமை விதைத்தவனுக்கும் கீழ்நாட்டில் கூலிக்கு ஏர் பிடித்தவனுக்கும் அதில் இடமில்லை. அந்தக் கதவு நமக்கு இன்று திறந்திருக்கிறது. வாக்குரிமை அனைவருக்கும் வந்துவிட்டது. உரிமை விரிந்த அளவுக்குக் கணக்குக் காட்டும் விதியும் விரிந்திருக்க வேண்டாமா? அவை குறுகியதாக இருந்தபோது விதி கடுமையாக இருந்தது. அவை விரிந்தபோது விதி தளர்ந்துவிட்டது என்பதே என் வருத்தம்.

தமிழகம் கண்ட கணக்குகள்

1972 அக்டோபர் மாதம். தி.மு.க.வின் பொருளாளராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த எம்.ஜி.ஆர்., திருக்கழுக்குன்றத்திலும் சென்னையிலும் நடந்த கூட்டங்களில் ஒரு கோரிக்கையை வைத்தார். அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், கட்சிப் பொறுப்பாளர்கள் அனைவரும் தங்கள் சொத்துக் கணக்கையும் குடும்பத்தார் சொத்துக் கணக்கையும் காட்ட வேண்டும் என்பதே அக்கோரிக்கை. சில நாள்களில் அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17ஆம் நாள் அண்ணா தி.மு.க. பிறந்தது. கணக்குக் கேட்டதில் ஒரு கட்சி பிறந்த வரலாறு நம் மாநிலத்துக்கே உரியது எனலாம்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. அதன்பின் சட்டம் என்ன ஆனது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1973ஆம் ஆண்டு தி.மு.க. அரசு, பொது வாழ்வில் உள்ளோரின் குற்ற நடத்தையை விசாரிப்பதற்கென்றே ஒரு தனிச் சட்டத்தை இயற்றியது. 1977ஆம் ஆண்டு, கணக்குக் கேட்டுப் பிறந்த கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது! எதிர்க்கட்சியாக இருக்கும்போது கணக்குக் கேட்பதும், ஆளுங்கட்சியானதும் அதை மறப்பதும் ஒரு கட்சிக்கு மட்டும் உரிய குணமன்று. அது நாற்காலியின் குணம் போலும்!

அந்தச் சட்டத்தையொட்டி எழுந்த வழக்கில், 1979ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைத் தெளிவுபடுத்தியது. முதலமைச்சரும் அமைச்சரும் அரசிடம் ஊதியம் பெறுபவர்கள். ஆதலால் குற்றச் சட்டத்தின் பார்வையில் அவர்களும் ‘பொது ஊழியர்’களே என்றது அத்தீர்ப்பு. ஊழியர் என்றால் எசமானர் ஒருவர் உண்டு. இங்கே எசமானர் யார்? நீங்களும் நானும் அல்லவா?

மத்தியிலும் இதே கதைதான். 1960களின் இறுதியில், மத்திய அமைச்சர் ஜகஜீவன்ராம் பத்து ஆண்டுகளாக வருமான வரிக்கணக்கைத் தாக்கல் செய்யவில்லை என்பது வெளிப்பட்டது. வேலைப் பளுவில் மறந்துவிட்டார் என்று பிரதமர் இந்திரா காந்தி அவருக்காகப் பரிந்து பேசினார். மலைவாழ் விவசாயி கூட்டுறவுச் சங்கக் கடன் தவணையை மறந்தால் யார் அவனுக்காகப் பரிந்து பேசுவர்?

பின்னர் வந்த பெரிய வழக்கு நம் மாநிலத்தது. 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த செல்வி ஜெயலலிதா, அப்பதவிக்கு மாதம் ஒரு ரூபாய் மட்டுமே ஊதியம் பெற்றார். அந்த ஐந்தாண்டுக் காலத்தில் வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்ததாக அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2014 செப்டம்பரில் பெங்களூரு தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பையே மீண்டும் நிலைநிறுத்தியது. அதற்குள் அவர் மறைந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. 1993-94ஆம் ஆண்டுக்கான வருமான வரிக்கணக்கைத் தாக்கல் செய்யவில்லை என்ற தனி வழக்கும் இருந்தது. கணக்குத் தாக்கல் செய்யாமல் விடுவதே குற்றம் என்று கூறி, விசாரணை தொடர வேண்டும் என 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பிறகு அது வரித்துறையிடம் தொகை செலுத்திச் சமரசமாக முடிக்கப்பட்டது.

ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 1996இல் எழுந்த கேள்விக்கு முடிவான விடை 2017இல் கிடைத்தது. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பட்டம் வாங்கும் காலம்! ஆண்டுதோறும் கணக்கை அவையில் வைக்கும் வழக்கம் அன்றே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றம் இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்திருக்கும். குற்றம் இல்லையென்றால், இருபது ஆண்டுப் பழியைச் சுமக்க வேண்டியிருந்திருக்காது. ஒளிவற்ற கணக்கு மக்களுக்கு மட்டுமல்ல, தலைவர்களுக்கும் காப்பு.

நீதிமன்றம் திறந்த கதவு

இந்த விஷயத்தில் சட்டமன்றங்கள் தயங்கி நின்றபோது கதவைத் திறந்தது நீதிமன்றம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் தொடர்ந்த வழக்கில், 2002 மே 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் அடிப்படை உரிமை என்றது. கட்சிகள் இதை விரும்பவில்லை. அதே ஆண்டு முதலில் அவசரச் சட்டமும் பிறகு திருத்தச் சட்டமும் வந்தன. நீதிமன்றம் எதைக் கூறியிருந்தாலும், இந்தச் சட்டம் கேட்கும் விவரங்களுக்கு மேல் எதையும் வேட்பாளர் தர வேண்டியதில்லை என்று 33ஆ பிரிவு எழுதப்பட்டது. 2003 மார்ச் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே செல்லாது என்று தள்ளியது. தம் கணக்கை மறைக்கும் விஷயத்தில் எல்லாக் கட்சிகளும் ஒற்றுமை காட்டியதும், அந்த ஒற்றுமை நீதிமன்றத்தில் உடைந்ததும் நாம் மறக்கலாகாத பாடங்கள்.

அதன்பின் விதி மேலும் இறுகியது. 2018 பிப்ரவரியில் மற்றொரு வழக்கில், சொத்து மட்டும் போதாது, வருமானம் வந்த வழியையும் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2019ஆம் ஆண்டு வேட்பாளரின் பிரமாணப் பத்திரமான 26ஆம் எண் படிவம் திருத்தப்பட்டது. வேட்பாளர், அவருடைய கணவர் அல்லது மனைவி, அவரைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் கடைசி ஐந்து ஆண்டு வரிக்கணக்குகளில் காட்டிய மொத்த வருமானத்தை அதில் எழுத வேண்டும். பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இவ்வளவு இருக்கும்போது இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். கணித மாணவன் என்ற முறையில் ஓர் உவமை கூறுகிறேன். தேர்வுத் தாளில் விடையை மட்டும் எழுதினால் எங்கள் பேராசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை. ‘வழி எங்கே?’ என்று கேட்பார். இப்போதைய படிவம் விடையைத் தருகிறது. மொத்தத் தொகை இருக்கிறது. வருமானம் வந்த வழியை ‘விவசாயம்’, ‘வியாபாரம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. எங்கள் மலை விவசாயிக்கு அது தேவையான சலுகை. ஆனால் கோடிக்கணக்கில் வேளாண் வருமானம் என்று எழுதுகிறவரிடம், எந்த நிலம், என்ன பயிர், எத்தனை மூட்டை என்று யார் கேட்பது? ஓர் ஏக்கர் மிளகு எவ்வளவு தரும் என்று எடப்புளி நாட்டில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். அவரிடம் அந்தப் படிவத்தைக் காட்டத்தான் ஆளில்லை.

இரண்டாவது குறை காலம் பற்றியது. படிவம் வாக்குக் கேட்டு வரும்போது தருவது. பதவியில் இருக்கும் ஐந்து ஆண்டுக்கும் அது மௌனம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 75அ பிரிவுப்படி, நாடாளுமன்ற உறுப்பினர் பதவியேற்ற 90 நாள்களுக்குள் சொத்து விவரத்தைத் தம் அவைத் தலைவரிடம் தர வேண்டும். அந்தப் பிரிவு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தொடுவதேயில்லை.

மூன்றாவது குறைதான் பெரிது. இந்த விதிகளெல்லாம் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சார்ந்தவை. குடியரசுத் தலைவர் தேர்தல் நடப்பதோ 1952ஆம் ஆண்டின் வேறொரு சட்டப்படி. சொத்துப் பத்திரம் கேட்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை. பஞ்சாயத்திலிருந்து பாராளுமன்றம் வரை படியேறிப் போகிறோம். உச்சிப் படியில் விளக்கில்லை. இப்பதவியில் இருந்தவர் யார் மீதும் ஐயம் எழுப்ப இதைச் சொல்லவில்லை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட எங்கள் சேந்தமங்கலம் தொகுதியின் உறுப்பினருக்கும் அதில் வாக்கு உண்டு. வேட்பாளரை அறிவது வாக்காளரின் உரிமை என்று 2002இல் நீதிமன்றம் கூறிவிட்டது. அங்கே வாக்காளர் சட்டமியற்றுவோர். ஆகவே குடியரசுத் தலைவர் வேட்பாளரின் கணக்கைக் கேட்பதற்கு அவர்களைவிட உரிமை உடையவர் வேறு யார்?

கடல் கடந்த பாடம்

அமெரிக்காவில் 1924 முதலே ஒரு சட்டம் உண்டு. நாடாளுமன்றத்தின் வரிக்குழுத் தலைவர் எழுதிக் கேட்டால், எவருடைய வரிக்கணக்கையும் அரசு தர வேண்டும். 1973ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் நிக்சனின் கணக்கு பற்றிப் பேச்செழுந்தது. 1970ஆம் ஆண்டுக்கு அவர் கட்டிய வருமான வரி 800 டாலருக்கும் குறைவு. அவர் தாமே கணக்கை வெளியிட்டு, நாடாளுமன்றக் கூட்டுக் குழு பார்க்கட்டும் என்றார். குழு பார்த்தது. அவர் நான்கு லட்சம் டாலருக்கு மேல் வரி பாக்கி வைத்திருப்பதாக 1974இல் கூறிவிட்டது! அதன்பின் தலைவர்கள் தாமாகவே வரிக்கணக்கை வெளியிடுவது வழக்கமாயிற்று. வழக்கம்தான், சட்டமன்று.

டொனால்டு டிரம்ப் அந்த வழக்கத்தைக் கைவிட்டார். 2019 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையின் வரிக்குழு அவருடைய கணக்கைக் கேட்டது, கருவூலத்துறை மறுத்தது. வேறு குழுக்கள் கணக்காய்வு நிறுவனத்திடம் ஆவணம் கேட்ட வழக்கில், 2020 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நடுநிலையான தீர்ப்பைத் தந்தது. சட்டம் இயற்றும் தேவைக்காக மன்றம் கேட்கலாம். ஆனால் அது காவல்துறையைப் போல நடக்கலாகாது, தேவை எவ்வளவு என்று எடைபோட வேண்டும் என்றது. வரிக்குழு கேட்ட கணக்கைத் தடுக்க முடியாது என்று 2022 நவம்பரில்தான் முடிவாயிற்று. அதே டிசம்பரில் குழு 24க்கு 16 என்று கட்சிவாரியாக வாக்களித்துக் கணக்கை வெளியிட்டது. 2016, 2017 ஆண்டுகளுக்கு அவர் கட்டிய மத்திய வருமான வரி ஆண்டுக்கு 750 டாலர்! ஆனால் கணக்கு வெளிவந்தபோது அவர் பதவியிலிருந்து இறங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

இதில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரின் வரிக்கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்வது அந்நாட்டு வரித்துறையின் விதி. டிரம்ப் பதவியேற்ற முதல் இரண்டு ஆண்டுகளில் அத்தணிக்கை தொடங்கவே இல்லை. குழு கடிதம் எழுதிய நாளில்தான் தொடங்கியது. கேள்வி கேட்டதே ஓர் அலுவலகத்தைத் துயிலெழுப்பிவிட்டது. கேட்கும் உரிமையின் பயன் இதுதான். அதே சமயம், உரிமை தாளில் இருந்தும் பூட்டைத் திறக்க மூன்றரை ஆண்டு ஆயிற்று என்பதையும் மறக்கலாகாது. கேட்டுப் பெறுவதைவிடக் கேளாமலே தருவது மேல் என்று நான் கூறுவது இதனால்தான்.

மறுப்போர் கூறுவது

‘தலைவரும் மனிதர்தானே, அவருக்கு அந்தரங்கம் இல்லையா?’ என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அரசு ஊழியர் ஒருவரின் வரிக்கணக்கு தனிப்பட்ட தகவல். பொதுநலன் பெரிதாக இருந்தாலன்றி வெளியிடலாகாது என்று 2012லேயே கூறியது. வேட்பாளர் தம் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட வேண்டியதில்லை என்று 2024இல் கூறியது. ஏற்கிறேன். தலைவர் எந்த மருத்துவரிடம் போகிறார், வங்கிக் கணக்கு எண் என்ன என்பவை நமக்கு வேண்டா. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, எவ்வளவு வரி கட்டினார் என்ற மூன்று வினாக்கள் போதும். அரசின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவர் யாரிடமிருந்து பணம் பெறுகிறார் என்பது அந்தரங்கம் ஆகாது.

‘பெரும்பான்மைக் கட்சி இதை எதிரிகளைப் பழிவாங்கும் ஆயுதமாக்கும்’ என்பது இரண்டாவது மறுப்பு. இது உண்மையிலேயே அஞ்ச வேண்டிய ஒன்று. மேலே சொன்ன கட்சிவாரி வாக்கெடுப்பே சான்று. ஆகவேதான் ஒருவரைக் குறிவைத்துக் கேட்கும் முறையைவிட, எல்லோரும் ஒரே நாளில் காட்டும் முறை நல்லது என்கிறேன். பீகார் மாநிலத்தில் முதலமைச்சரும் அமைச்சர்களும் ஆண்டு முடிவில் தம் சொத்து விவரத்தை அரசின் இணையதளத்தில் வெளியிடும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அங்கே முடிவது இங்கே முடியாதா?

‘இப்படிக் கெடுபிடி செய்தால் நல்லவர்கள் அரசியலுக்கு வரமாட்டார்கள்’ என்பது மூன்றாவது மறுப்பு. மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பது நம் பாட்டிமார் சொன்னது. வருமானச் சான்றிதழுக்கு அஞ்சி ஏழைப் பிள்ளைகள் படிக்காமல் விட்டுவிடவில்லையே! அப்படியிருக்க, கணக்குக் காட்ட வேண்டுமென்பதற்காக நல்லவர்கள் மட்டும் பொதுவாழ்வைத் துறந்துவிடுவார்களா?

செய்ய வேண்டுவன

என் சிற்றறிவுக்கு எட்டியதைத் தொகுத்துச் சொல்கிறேன். ஒன்று: சட்டமன்ற உறுப்பினர் முதல் குடியரசுத் தலைவர் வரை, பதவியில் உள்ள ஒவ்வோர் ஆண்டும், வருமானம், அது வந்த வழி, கட்டிய வரி ஆகிய மூன்றையும் அவையின் மேசையில் வைக்க வேண்டும், மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். இரண்டு: கணக்கு இடித்தால் விளக்கம் கேட்க அவைக் குழு ஒன்று வேண்டும். நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியினர் தலைமை தாங்குவது மரபு. இக்குழுவுக்கும் அப்படியே இருக்கட்டும். ஏன் கேட்கிறோம் என்பதை எழுத்தில் கூறியே அது கேட்க வேண்டும். மூன்று: ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே விதி, ஒரே நாள்.

சட்டம் வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேர்தல் காலத்தில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து எல்லாக் கட்சிக் கார்களும் எங்கள் மலைக்கு வருகின்றன. வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் அலுவலகத் தகவல் பலகையிலும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் எவரும் பார்க்கக் கிடைக்கிறது. அதை எங்கள் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தானே? தோழர்களே, வரும் தேர்தலில் நம் ஒவ்வொருவர் ஊரிலும், எந்தக் கட்சி என்று பாராமல், எல்லா வேட்பாளர் பத்திரங்களையும் தேநீர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவோம். சென்ற தேர்தலில் எவ்வளவு, இந்தத் தேர்தலில் எவ்வளவு என்று கழித்துக் காட்டுவோம். அதற்குப் பட்டப்படிப்புக் கணிதம் தேவையில்லை. மூன்றாம் வகுப்புக் கழித்தல் போதும்.

நாம் கற்ற கல்விக்கு மலையடிவாரத்திலும் மலையுச்சியிலும் உழைக்கும் மக்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வரி கட்டுகிறார்கள். அந்தப் பணத்தை ஆள்பவரிடம் ‘விடை சரி, வழி எங்கே?’ என்று அவர்கள் சார்பில் கேட்பதே, முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் நாம் அவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.